மாதிரி ரயிலுக்கு ஊர் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி அறையில் எட்டுக்கு நான்கு அடி பலகை ஒன்றில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே எங்கோ இருப்பதாக நான் நினைத்துக்கொண்ட ஊர். மேற்கே மலை, கிழக்கே கரிசல், ஸ்டேஷன் வாசலில் வேம்பு. அதைப் பார்க்க வருபவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதைவிட மண்ணையும் மரத்தையும் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

"எனக்குப் படம் வரைய வராது, கைவேலையும் சுமார்தான். என்னால இதெல்லாம் முடியுமா?"

முடியும். இந்த வேலைக்குக் கையைவிடக் கண் முக்கியம். உங்களுக்குப் பிடித்த ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். ஜல்லி எந்த நிறத்தில் இருக்கிறது, புல் எங்கே முளைத்திருக்கிறது, சுவரின் அடிப்பக்கம் எவ்வளவு உயரம் வரை அழுக்காகியிருக்கிறது, வேலிக்கு எதை நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம்மூரில் பல இடங்களில் வேலிக்கால் என்பது அறுத்து நட்ட பழைய தண்டவாளத் துண்டுதான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து மாதிரியில் வைத்தால், பார்ப்பவர் காரணம் தெரியாமலே "இது நம்ம ஊர்" என்பார்.

படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ஆபத்து என்பது ஒருபுறம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அது அத்துமீறலும்கூட. நடைமேடையின் கோடியிலிருந்தும் லெவல் கிராசிங் சாலையிலிருந்தும் பார்த்தாலே வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்.

"ஸ்கேல் ஸ்கேல்னு சொல்றாங்களே, அதைக் கட்டடத்துக்கு எப்படிக் கணக்குப் போடுறது?"

நான் வேலை செய்வது ஹெச்ஓ அளவில், அதாவது 1:87. நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டரோ அதை 87ஆல் வகுத்தால் மாதிரியின் அளவு வரும். ஏழடிக் கதவு 24 மி.மீ. சராசரி ஆள் 19 மி.மீ. 15 மீட்டர் பனைமரம் 17 செ.மீ. இடம் குறைவு என்றால் 1:160 அளவுள்ள, ஆங்கில எழுத்து N பெயரில் வரும் 'என்' ஸ்கேல் உண்டு. அதில் இந்த அளவுகளெல்லாம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், நுணுக்க வேலை கடினம். முதல்முறை செய்பவருக்கு நான் ஹெச்ஓவையே சொல்வேன்.

ஒரு யோசனை. 19 மி.மீ. உயரத்தில் ஓர் ஆள் வடிவத்தை அட்டையில் வெட்டி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். எதைச் செய்தாலும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் அவர் தலைக்கு மேல் போய்விட்டாலோ திண்ணை இடுப்பளவு வந்துவிட்டாலோ உடனே தெரியும். கணக்கில் தப்பும் பிழையைக் கண் பிடித்துவிடும்.

"நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். கடையில விக்கிற ஹெச்ஓ தண்டவாளம் அதுக்குச் சரியா வருமா?"

சரியாக வராது. கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதைக்கான சுருக்கம். நம் அகலப்பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும். அந்த மூன்று மி.மீ. குறையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஏனென்றால் தண்டவாளத்தையும் எல்லாச் சக்கரங்களையும் கையால் மாற்றி அமைப்பது தனி வேலை, அதில் இறங்கினால் ஊர் கட்டும் நேரம் போய்விடும். மீட்டர் கேஜ் செய்ய விரும்புபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1000 மி.மீ. பாதை 11.5 ஆகச் சுருங்கும். அதற்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள்.

"எதை முதல்ல செய்யணும்? நான் ஸ்டேஷனை முதல்ல கட்டிட்டேன்…"

கட்டியதில் தவறில்லை, ஆனால் இன்னும் ஒட்டாதீர்கள். தண்டவாளம் பதித்து, மின்இணைப்பு கொடுத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை எல்லாத் தடங்களிலும் முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு வாரம் தடம் புரளாமல் ஓடிய பிறகுதான் மற்றவை. அதற்குப் பின் மேடுபள்ளம், தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருநிறம், மண், ஜல்லி, கட்டடம், செடி, மரம், கடைசியில் ஆட்கள். தூசி பறக்கும் வேலை முதலில், சட்டென ஒடியும் பொருள் கடைசியில் என்று நினைவில் வைத்தால் போதும்.

கட்டடத்தை நான் ஒருபோதும் ஒட்டுவதில்லை. கீழே அதன் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டி அதில் உட்கார வைக்கிறேன். சுவரின் அடி மண்ணுக்குள் போயிருப்பதால் மிதப்பது போலத் தெரியாது. விளக்கு பழுதானால் தூக்கி எடுத்துச் சரிசெய்யலாம்.

"எங்க ஊர் சமவெளிதான், மலையே கிடையாது. அப்ப மேடு பள்ளம் எதுக்கு?"

சமவெளியில்தான் மேடுபள்ளம் அவசியம்! நம் பக்கத்து ரயில் பாதையைக் கவனித்தால் தெரியும். மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க அது வயல்மட்டத்துக்கு மேலே கரை போட்டுத்தான் போகிறது. அந்தக் கரைக்கு மண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பக்கத்திலேயே வெட்டி எடுத்தது. அதனால்தான் பாதையை ஒட்டி நெடுகப் பள்ளம், அதில் மழைக்காலத் தண்ணீர், கோரை, ஆகாயத்தாமரை, ஒரு கொக்கு. பலகையின் மேல் தண்டவாளத்தை நேராகப் பதித்துவிட்டால் இந்தக் காட்சிக்கு வழியே இல்லாமல் போகும்.

எனவே பிளைவுட் மேல் இரண்டு அங்குலத் தெர்மாகோல் பரப்பி, அதன் மேல் தண்டவாளம் வையுங்கள். நிலத்தைப் பாதையிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்குங்கள். நிஜக் கரை சாதாரணமாக இரண்டு பங்கு அகலத்துக்கு ஒரு பங்கு உயரம் என்ற சரிவில் இறங்கும். அதைவிடச் செங்குத்தாக வெட்டினால் பார்க்க மண்கரை போல இருக்காது, சுவர் போல இருக்கும்.

மலை வேண்டுமென்றால் தெர்மாகோல் துண்டுகளை அடுக்கி, மேலே எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்துங்கள். மருந்துக்கடையில் சுருளாகக் கிடைக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். செய்தித்தாளும் மைதாப் பசையும் செலவு குறைவு. ஆனால் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடாவிட்டால் பூச்சி வரும். துத்தம் விஷம், அந்தப் பாத்திரத்தை அடுக்களைக்குத் திரும்ப எடுத்துப் போகாதீர்கள். பிளாஸ்டர் கரைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.

"தெர்மாகோல்ல ஸ்பிரே பெயின்ட் அடிச்சேன், மலையே கரைஞ்சு போச்சு. ஏன்?"

ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். எனக்கும் ஒரு குன்று அப்படிப் போயிருக்கிறது. ரப்பர் பசையிலும் பல உடனடிப் பசைகளிலும் இதே ஆபத்து உண்டு. தெர்மாகோலை ஒட்ட ஃபெவிகால், வண்ணத்துக்கு நீரில் கலக்கும் அக்ரிலிக் அல்லது சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். ஸ்பிரே கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் மாவுக்கட்டோ இரண்டு பூச்சு எமல்ஷனோ இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும்.

"வெளிநாட்டு மண்தூள் பாக்கெட் வாங்கணுமா, நம்ம மண்ணையே போடலாமா?"

நம் மண்ணையே போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பாக்கெட்டில் வரும் பழுப்பும் பச்சையும் வேறு நாட்டு வயல்களுக்கானவை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலை எந்தப் பாக்கெட்டும் தராது, தேரிக்காட்டுச் செம்மண்ணையும் தராது.

எடுத்த மண்ணை நன்றாகக் காயவைத்து, பழைய வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். வறுப்பது முட்டைகளும் பூஞ்சையும் சாவதற்காக. பிறகு ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மண்ணுக்குள் பலமுறை துழாவுங்கள். இரும்புத் தாது கறுப்புத் துகளாக ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காவிட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பல்சக்கரங்களில் சிக்கும். இதே காரணத்தால் கடல்மணல் வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதில் உப்பும் இருக்கிறது, தண்டவாளம் அரித்துவிடும்.

பசை பட்டதும் மண்ணின் நிறம் ஒரு படி கறுக்கும். அதனால் முதலில் ஓர் அட்டையில் ஒட்டிக் காயவைத்துப் பாருங்கள். அதிகம் கறுத்தால், காய்ந்தபின் அதே மண்ணின் சலித்த தூளை மென்மையான தூரிகையால் மேலே தடவுங்கள்.

"ஜல்லி போடுறதுதான் ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிப் போடணும்?"

கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். முதலில் அளவு. நம் ரயில்வேயின் கருங்கல் ஜல்லி பெரியது 65 மி.மீ., சிறியது 20 மி.மீ. 1:87இல் அது முக்கால் மி.மீட்டரிலிருந்து கால் மி.மீ. வரை. அதாவது ரவை அளவு. பலரும் இதைவிடப் பெரிய கல்லைப் போட்டு, பாதை பாறாங்கல் மேல் போவது போல ஆக்கிவிடுகிறார்கள். கல் குவாரியின் கிரஷர் தூளை வாங்கி, ரவை சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மீண்டும் மெல்லிய துணியில் சலித்து மாவை நீக்கினால், நடுவில் நிற்பதுதான் உங்கள் ஜல்லி. காந்த வைத்தியம் இதற்கும் உண்டு, மேலே மண்ணுக்குச் சொன்னபடி.

உலர்ந்த ஜல்லியைத் தண்டவாளங்களுக்கு நடுவே கொட்டி, தட்டைத் தூரிகையால் தள்ளி, ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வையுங்கள். ஒட்டும் வேலையில் பாதி இங்கேதான், ஏனென்றால் பசை பட்டபின் எந்தக் கல்லையும் நகர்த்த முடியாது. தண்டவாளத்தின் உட்பக்கத்தில் ஒரு கல்கூட ஒட்டியிருக்கக் கூடாது, சக்கர விளிம்பு அதில் ஏறித் தடம் புரளும்.

பிறகு தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தூரத்திலிருந்து பனி போல விழும்படி தெளியுங்கள். ஜல்லி முழுக்க நனைய வேண்டும். அதன்மேல் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, கண் மருந்துக் குப்பி மாதிரியான சொட்டுக் குப்பியால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே விடுங்கள். நனைந்த ஜல்லி பசையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முழு நாள் காயட்டும். காயும் முன் தண்டவாளத்தின் தலையைத் துடைத்துவிடுங்கள்.

"பசை ஜல்லி மேலேயே முத்து முத்தா நின்னுடுச்சு. பாயிண்டும் ஒட்டிக்கிச்சு. இப்ப என்ன செய்ய?"

முத்து நின்றது முதல் நனைப்பு போதாததால். மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சொட்டுவிட்டு நனைத்து மறுபடி செய்யலாம். விளக்கையும் அடுப்பையும் அணைத்து ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். தடம் பிரியும் இடமான பாயிண்ட்டுக்கு: ஃபெவிகால் நீரில் இளகும். வெந்நீரைத் தூரிகையால் தடவி அரை மணி நேரம் விட்டு, நகரும் நாக்கு இரண்டையும் மெல்ல அசைத்துப் பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அடுத்த முறை பாயிண்ட்டின் நாக்குப் பகுதியில் தளர்ந்த ஜல்லி போடாமல், ஜல்லி நிறத்தில் வண்ணம் மட்டும் அடித்துவிடுங்கள். அரை அடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

"பனைமரம் எங்கேயும் கிடைக்கல. வெளிநாட்டு மரம்தான் வச்சிருக்கேன், ஊரே மாறிப் போன மாதிரி இருக்கு."

மாறித்தான் போகும். கூம்பு மரம் ஒன்று போதும், ஊரை ஐரோப்பாவுக்குத் தூக்கிப்போய்விடும். பனை செய்வது நீங்கள் நினைப்பதைவிட எளிது. நான்கு மி.மீ. மூங்கில் குச்சி, 17 முதல் 20 செ.மீ. நீளம். அடிப்பக்கத்தில் நூல் சுற்றிக் கொஞ்சம் பருமனாக்குங்கள். கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். ஓலைக்குக் கெட்டித்தாளில் 14 மி.மீ. வட்டங்கள் வெட்டி, மையத்திலிருந்து விசிறி மடிப்பாக நகத்தால் கீறி, ஓரத்தைக் கத்தரியால் முள்முள்ளாக நறுக்கி, மெல்லிய கம்பியில் ஒட்டி உச்சியில் செருகுங்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும். பத்து ஓலையோடு நிறுத்தினால் குடை மாதிரி ஆகிவிடும்.

இனி மரத்துக்கு மரம் வேறுபாடு. ஆள் ஏறாத பனையில் காவோலை உதிராமல் கழுத்தைச் சுற்றித் தொங்கும். பதநீர் இறக்கும் மரத்தில் கழுத்து சுத்தமாக இருக்கும். பத்து மரம் வைத்தால் ஆறில் காவோலை தொங்கட்டும். ஒன்று மட்டும் மொட்டையாக, இடி விழுந்து தலை போனதாக நிற்கட்டும். அப்படி ஒன்று நிற்காத பனங்காட்டை நான் பார்த்ததில்லை.

மற்ற மரங்களுக்குக் கட்டுக்கம்பியை முறுக்கிக் கிளை பிரியுங்கள். வேம்புக்கு மெத்தை ஸ்பாஞ்சைப் பழைய மிக்சியில் தண்ணீரோடு அரைத்து, பச்சை சாயம் ஏற்றிக் காயவைத்த தூள். சீமைக்கருவேலத்துக்குத் தேங்காய் நாரைப் பிரித்துக் கம்பியில் ஒட்டி, அதன்மேல் தூள் கொஞ்சமே கொஞ்சம், ஏனென்றால் அந்த மரத்தின் ஊடே வானம் தெரிய வேண்டும். தென்மாவட்டப் பாதை என்றால் மற்ற எல்லா மரமும் சேர்ந்தாலும் கருவேலத்தின் எண்ணிக்கையை எட்டக் கூடாது. காய்ந்த பீர்க்கங்கூடு புதருக்கும், பொங்கலுக்குக் கட்டும் பூளைப்பூவின் காய்ந்த காம்பு கரையோர நாணலுக்கும் நன்றாக வரும். இயற்கைப் பொருள் எதையும் நீர்த்த ஃபெவிகாலில் ஒருமுறை முக்கி எடுத்தபின் நடுங்கள்.

"புல் நெட்டுக்குத்தா நிக்குதே, அது எப்படி? என் புல் பாய் மாதிரி படுத்துக்கிடக்கு."

மின்னேற்றத்தால் நிற்க வைப்பது. இரண்டு மி.மீ. நைலான் இழைகளை உலோக வடிகட்டியில் போட்டு, ஈரப் பசைக்கு மேலே ஆட்டும்போது, வடிகட்டிக்கும் பசைக்கும் இடையே உயர் மின்னழுத்தம் இருந்தால் இழைகள் நட்டுக்குத்தாகப் போய் நிற்கும். இதற்கான கருவி விலை அதிகம். கொசு பேட்டின் உள்ளே இருக்கும் சுற்றை வைத்துப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். மின்னணு வேலை பழகியவர் மட்டும் அதைச் செய்யட்டும். பேட்டை அணைத்த பிறகும் அதன் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

நிறம்தான் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் பச்சை, மாசிக்குப் பின் வைக்கோல் நிறம். பச்சை, பழுப்பு, மஞ்சள் மூன்று இழைகளைக் கலந்து போடுங்கள். எங்கும் சமமாகப் போடாதீர்கள். ஆடு மேயும் இடம் மொட்டை, குழாயடி பச்சை, ஒற்றையடிப் பாதையில் ஒன்றுமில்லை.

"ஸ்டேஷன் கட்டடத்துக்கு என்ன அட்டை நல்லது?"

சன்போர்டு என்ற இலேசான நுரைப் பலகை. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டுத்துண்டு மலிவாகத் தருவார்கள். மூன்று மி.மீ. பலகை 1:87இல் 26 செ.மீ. சுவருக்குச் சமம். பூச்சோடு சேர்த்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதுதான். ஆகவே ஜன்னல் வெட்டினால் சுவரின் கனம் தானாகவே சரியாகத் தெரியும். மெல்லிய அட்டையில் கட்டிய ஸ்டேஷன் பொம்மை போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கனம் இல்லாததுதான். கருங்கல் கட்டடம் என்றால் பலகையில் மேல்தாள் இருந்தால் உரித்துவிட்டு, மழுங்கிய பென்சிலால் கல் இணைப்புகளை அழுத்தி வரையுங்கள். செங்கல்லைத் தனித்தனியாகக் காட்ட முயல வேண்டாம். ஒரு வரிசை ஒரு மி.மீட்டருக்கும் குறைவு, பூசிய சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்த இடத்தில் மட்டும் காட்டினால் அழகு.

கூரைக்குச் சீமை ஓடு: கெட்டித்தாளை மூன்று மி.மீ. அகலப் பற்களாக நறுக்கிய நீளப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டே போங்கள். எல்லா ஓட்டுக்கும் ஒரே செம்மை அடிக்காதீர்கள். மாற்றிய ஓடு புதுச்சிவப்பு, பழையது பாசி படிந்த கறுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு ஒரு நல்ல வழி உண்டு. நிஜ ஷீட்டில் அலைக்கு அலை 146 மி.மீ., சுருக்கினால் 1.7. பத்து மி.மீ. போல்ட்டின் மரைக்கு மரை 1.5. சாப்பாட்டுப் பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் தகட்டை ரப்பர் பாய் மேல் வைத்து, நீளமான மரைக்கம்பியை அழுத்தி உருட்டினால் அசல் ஷீட் மாதிரியே வரும்.

"பெயர்ப்பலகையில என்ன எழுதணும்?"

மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. தமிழ்நாட்டில் மேலே தமிழ், பிறகு இந்தி, ஆங்கிலம். கீழே கடல்மட்டத்திலிருந்து உயரம் மீட்டரில். நடைமேடையின் இரு கோடியிலும் ஒவ்வொன்று, காலிரண்டும் கான்கிரீட். போட்டோ ஸ்டுடியோவில் பளபளப்பில்லாத தாளில் அச்சடியுங்கள். கற்பனை ஊருக்கும் அந்தப் பக்கத்து வழக்கப்படி பெயர் வையுங்கள். குளம், பட்டி, கோவில் என்று முடியும் பெயர்கள் எங்கள் பக்கம். உயரமும் சுற்றுவட்டாரத்துக்குப் பொருந்தட்டும்.

"24 பெட்டி நிக்கிற நடைமேடை வேணும்னு ஆசை. எவ்வளவு நீளம் வரும்?"

இப்போதைய எல்ஹெச்பி வகைப் பெட்டிகள் 24ஐ அப்படியே சுருக்கினால் எஞ்சின் இல்லாமலே ஆறரை மீட்டர். எட்டடிப் பலகையில் வளைவுகள் போக நேராகக் கிடைப்பது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆகவே எஞ்சினும் நான்கு பெட்டியும். நீளத்தைச் சுருக்குங்கள், உயரத்தைச் சுருக்காதீர்கள். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ., அதாவது மாதிரியில் ஒன்பது மி.மீ. போல. தாழ்மட்டம் 455 மி.மீ., மாதிரியில் ஐந்து. சின்ன ஊருக்குத் தாழ்மட்டம்தான் எனக்குப் பிடிக்கும். பெட்டியிலிருந்து பாட்டி ஒருவர் இறங்கத் தயங்கும் காட்சி அதில்தான் வரும். நடைமேடையின் ஒரு கோடி கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்குப் பின்னாலோ மேம்பாலத்துக்கு அடியிலோ மறைந்தால், அது இன்னும் நீள்வதாக மனம் நினைத்துக்கொள்ளும்.

"பாம்பன் பாலம் வைக்க முடியுமா?"

1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு கி.மீட்டருக்கு மேல். 1:87இல் அது 23 மீட்டரைத் தாண்டும். எனவே முழுப் பாலம் வீட்டுக்குள் வராது. நடுவே இருந்த, இருபுறமும் திறக்கும் தூக்குப் பகுதியும், அதன் இருபக்கமும் மூன்று மூன்று கண்களும் வைத்தால் பார்த்தவர் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். செங்கோட்டை–புனலூர் பாதையின் 13 கண் பாலத்துக்கும் இதே முறை, ஏழு வளைவு போதும். ஒற்றைப்படையாக வையுங்கள், நடுவில் தூண் வராமல் ஒரு வளைவு வரும்.

"நேரா இருக்கிற இடத்துல எல்லாம் சரி. வளைவுல மட்டும் பெட்டி சுவத்துல இடிக்குது. அளந்துதானே கட்டினேன்?"

நேர்பாதையின் அளவை வளைவுக்கும் எடுத்திருப்பீர்கள். நீளப் பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உட்பக்கமும் இரு முனைகளும் வெளிப்பக்கமும் துருத்தும். ஐசிஎஃப் என்ற பழைய வகைப் பெட்டி மாதிரியில் 245 மி.மீ. நீளம், அதன் அடியிலுள்ள இரு சக்கரத் தொகுதிகளின் (போகி) மையங்களுக்கு இடையே 170 மி.மீ. 18 அங்குல ஆர வளைவில் நடுப்பகுதி உள்ளே எட்டு மி.மீ. போகும், முனை வெளியே எட்டரை மி.மீ. போகும். பெட்டியின் பாதி அகலம் 19. ஆக மொத்தம் தட மையத்திலிருந்து 27 அல்லது 28 மி.மீ. கொஞ்சம் விட்டுக்கொடுத்து 32 மி.மீ. வரை எதுவும் நிற்கக் கூடாது: குகைச் சுவர், சிக்னல் கம்பம், மின்கம்பம், வேலி எதுவும்.

கணக்கு வேண்டாம் என்றால் வேறு வழி. மிக நீளமான பெட்டியின் நடுவில், வளைவின் உட்பக்க விளிம்பில் ஒரு பென்சிலும் முனையில், வெளிப்பக்க விளிம்பில் ஒரு பென்சிலும் ஒட்டி, பலகையில் தாள் விரித்துத் தள்ளிக்கொண்டே போங்கள். இரண்டு கோடு கிடைக்கும். அந்தக் கோடுகளுக்கு வெளியே கட்டுங்கள். இதே காரணத்தால் நடைமேடையை வளைவில் வைக்காதீர்கள். வைத்தால் பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே ஆள் விழும் இடைவெளி தெரியும்.

"மின்கம்பியும் போடணுமா?"

நீங்கள் காட்டும் காலத்தைப் பொறுத்தது. போட்டால் கம்பத்துக்குக் கம்பம் நிஜத்தில் அதிகபட்சம் 72 மீட்டர், மாதிரியில் 83 செ.மீ. நான் அரை மீட்டருக்கு ஒன்று வைக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் பலகை முழுக்க நான்கு கம்பம்தான் வரும். கம்பி தண்டவாளத்திலிருந்து 63 மி.மீ. உயரத்தில். கம்பம் மட்டும் நட்டுக் கம்பியை விட்டுவிடுவதும் தவறில்லை. தண்டவாளம் துடைக்கக் கை போக வேண்டுமே.

"குளத்துத் தண்ணி எப்படி? ரெசின் ஊத்தினேன், பலகைக்கு அடியில வழிஞ்சிடுச்சு."

ரெசின், அதாவது ஊற்றியபின் இறுகும் பிசின், தலைமுடி அளவு ஓட்டையிலும் இறங்கும். குளத்தின் அடியை இரண்டு முறை ஃபெவிகாலும் எமல்ஷனும் பூசி அடைத்த பிறகே ஊற்ற வேண்டும். எபாக்சி ரெசின்தான். பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஸ்பிரே கரைத்த அதே கதை. மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. ஒரேயடியாக ஊற்றினால் சூடாகி வெடிப்பு விழும்.

தண்ணீரின் நிறத்தை ரெசினில் தேடாதீர்கள், அடித்தளத்தில் பூசுங்கள். நடுவில் கரும்பழுப்பு, கரையோரம் கலங்கிய செம்மண் நிறம். நீலம் வேண்டவே வேண்டாம். எங்கள் கண்மாய் எதுவும் நீலமாக இருந்ததில்லை.

"விளக்கு போட்டா சுவரே ஒளிருது!"

சன்போர்டு வழியே ஒளி ஊடுருவும். உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை. 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடிக்கு 1.8 கிலோ ஓம் மின்தடை போட்டால் ஐந்து மில்லி ஆம்பியர் போகும். அதுவே கண் கூசும். நான்கரை கிலோ ஓம் அளவுக்குக் கூட்டினால் சின்ன ஊர் ஸ்டேஷனின் மங்கல் வரும். எல்லா அறையிலும் விளக்கு எரிய வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் அறை, டீக்கடை, கேட் கீப்பர் அறை, இவை போதும்.

"பின்னாடி மலைத்தொடர் படத்தை ஃப்ளெக்ஸ்ல அடிச்சு மாட்டினேன், ஒட்டவே மாட்டேங்குது."

ஃப்ளெக்ஸ் பளபளக்கும், ஒளி பட்டதும் படம் என்று காட்டிக்கொடுக்கும். அதோடு படத்தின் நிறம் முன்னால் உள்ளதைவிட அடர்த்தி. தூரத்து மலை எப்போதும் வெளிறித்தான் தெரியும். சாதாரணச் சுவர் வண்ணத்தில் நீலமும் சாம்பலும் வெள்ளையும் கலந்து, பின்வரிசை மலைக்கு வெள்ளை கூட்டி, மூன்று வரிசை வரையுங்கள். உச்சியில் மேகம் உட்காரட்டும். படம் வரைய வராதவர்களுக்கும் இது வரும், மலையின் கோட்டை ஒரு புகைப்படத்திலிருந்து கார்பன் வைத்து எடுத்தால் போதும். நிலமும் படமும் சேரும் இடத்தைக் கருவேலப் புதரால் மறையுங்கள்.

"ஆறு மாசத்துல எல்லாம் தூசியும் பூச்சியும் ஆயிடுச்சு. எப்படிப் பராமரிக்கிறது?"

ஓடாத நேரத்தில் மெல்லிய பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் அடைத்துப் பூஞ்சை பிடிக்கும். பலகையின் கால்களைச் சுவரில் முட்டவிடாதீர்கள், கரையான் சுவர் வழியாகத்தான் வரும். நாலடி அகலப் பலகை சுவரோரம் இருந்தால் பின்பக்கம் கை எட்டாது, காலில் சக்கரம் போட்டு இழுக்கும்படி வையுங்கள். தூசிக்கு முகத்துக்குப் பவுடர் போடும் பெரிய தூரிகை, மரங்களுக்கு மேலிருந்து கீழாக. கூரைகளில் படிந்த தூசியை நான் முழுக்க எடுப்பதில்லை, பங்குனி வெயிலில் எங்கள் ஊர்க் கூரை அப்படித்தான் இருக்கும்.

"நீராவி எஞ்சினும் இருக்கு, வந்தே பாரத்தும் இருக்கு. ரெண்டும் ஒரே ஸ்டேஷன்ல நிக்கக் கூடாதா?"

எஞ்சின் உங்களுடையது, ஓட்டுங்கள். சிக்கல் எஞ்சினில் இல்லை, பக்கத்தில் இருக்கும் பொருள்களில். கைகாட்டி மரம், மரக்கட்டை ஸ்லீப்பர், நடைமேடையில் தண்ணீர்ப் பானை ஒரு காலம். கான்கிரீட் ஸ்லீப்பர், வண்ண விளக்கு சிக்னல், மின்கம்பம், செல்போன் கோபுரம் வேறு காலம். வந்தே பாரத் ஓடத் தொடங்கியதே 2019இல். நடுவே மஞ்சள் எஸ்டிடி தொலைபேசி பூத் ஒன்றை வைத்தால் அது தொண்ணூறுகளுக்கும் இரண்டாயிரத்துக்கும் ஊரைக் கட்டிப்போட்டுவிடும்.

நான் செய்தது இது. நிலம், மரம், ஸ்டேஷன் கட்டடம் எல்லாக் காலத்துக்கும் பொது. காலத்தைக் காட்டும் பொருள்களை மட்டும் ஒட்டாமல், கீழே ஊசி வைத்துச் செருகும்படி செய்தேன். அகலப்பாதை வந்த புதிதில், டீசல் எஞ்சின் ஓடிய வருடங்களே என் ஊரின் வழக்கமான காலம். அதற்கு எஸ்டிடி பூத், மின்கம்பமில்லாத வானம், கேட்டில் காத்திருக்கும் பழைய ஸ்கூட்டர்கள். பிள்ளைகள் வந்தே பாரத் கேட்டால் பூத்தையும் ஸ்கூட்டரையும் பிடுங்கி ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, மின்கம்பங்களைச் செருகுகிறேன். பத்து நிமிட வேலை. வேம்பும் பனையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.